ட்ரையல்ல சேரச் சொல்றாங்க, சேரலாமா? ப்ளட் கேன்சர் கேள்வி பதில்

போன இதழ்ல ப்ளட் கேன்சர் பத்தி எழுதினதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைத்தான் கேக்குது. நோய் இருக்குன்னு தெரிஞ்ச கையோட, அந்த அதிர்ச்சியே இன்னும் அடங்காத நேரத்துல, "ஒரு புது மருந்து ட்ரையல் நடக்குது, சேர்றீங்களா"ன்னு ஆஸ்பத்திரியில கேட்டா என்ன பண்றதுன்னு. அதனால இந்தத் தடவை முழுக்க அதுக்கே.

கேள்வி: வணக்கம் டாக்டர் மேடம். அப்பாவுக்கு 72 வயசு, ரிட்டயர்டு வாத்தியார். ரெண்டு மாசமா அசதி, ஈறுல ரத்தம், விட்டு விட்டு காய்ச்சல். போன வாரம் போன் மேரோ (எலும்பு மஜ்ஜை) டெஸ்ட் எடுத்து ஏஎம்எல்னு வேகமா முத்தற ஒரு வகை ப்ளட் கேன்சர்னு சொல்லிட்டாங்க. ஹார்ட் பிரச்சினை வேற இருக்கறதால ஸ்ட்ராங்கான கீமோ தாங்க மாட்டாரு, புது மருந்து ட்ரையல்ல சேருங்கன்னு ஒரு கட்டு ஃபாரம் குடுத்திருக்காங்க. சித்தப்பா "அண்ணனை சோதனை எலி ஆக்கப் பாக்குறாங்க, கையெழுத்துப் போடாதீங்க"ன்னு ஒரே சத்தம். ஃபாரத்துல நாமினி பேரு, அப்பாவோட வருஷ வருமானம் எல்லாம் கேட்டிருக்கு, அதைப் பாத்ததும் அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க. இன்னும் அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லல. நாங்க என்ன பண்றது?
- மகள், தென்காசி

பதில்: அம்மா அழுத அந்தப் பக்கத்துலருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா அந்த நாமினி கட்டத்தைப் பாத்துட்டு பயப்படாத குடும்பம் ரொம்பக் கம்மி. அப்பாவுக்கு ஏதோ ஆகப்போகுதுன்னு தெரிஞ்சு அதைக் கேக்கலம்மா. 2019ல வந்த மத்திய அரசு விதிகள்படி ட்ரையலால நோயாளிக்கு பாதிப்பு வந்தா அதுக்கு இலவசமா வைத்தியம் பாக்கணும், நஷ்டஈடும் குடுக்கணும், உயிரே போயிட்டா அந்தப் பணம் யார் கைக்குப் போகணும்ங்கறதுக்காகத்தான் நாமினி, வருமானம் எல்லாம் எழுதி வாங்கறாங்க. புது மருந்து ட்ரையல் ஃபாரம்னா அந்த இடம் இருக்கணும், இல்லன்னாதான் நான் சந்தேகப்படுவேன்.

சித்தப்பாவோட கோபத்தையும் தள்ளிவிட மாட்டேன். ஏழைபாழைங்ககிட்ட ஒழுங்கா எதையும் சொல்லாம மருந்து குடுத்துப் பாத்தாங்கன்னு புகார் எழுந்து, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, அதுக்கப்புறம்தான் நம்ம நாட்டுல விதிகள் இறுகிச்சு. ஆனா புதுசா நோய் தெரிஞ்சவங்களுக்கு நடக்கற ட்ரையல் எந்தக் கட்டத்துல வருதுன்னு அவருக்குச் சொல்லுங்க. பொதுவா ஒரு கேன்சர் மருந்து லேபையும் மிருகங்களையும் தாண்டி மனுஷங்ககிட்ட வர்றப்போ, முதல்ல வேற எந்த மருந்தும் கேக்காதவங்களுக்குத்தான் குடுப்பாங்க, எவ்வளவு டோஸ் தாங்கும்னு பாக்க. அப்புறம் இன்னும் கொஞ்சம் பேருக்கு, வேலை செய்யுதான்னு பாக்க. அங்க நல்லா வந்த பிறகுதான் புதுசா வந்த நோயாளிக்கு முதல் வைத்தியமாவே குடுத்து, இப்ப நடைமுறையில இருக்கற நல்ல மருந்தோட ஒப்பிட்டுப் பாப்பாங்க.

உங்க அப்பா மாதிரி ஆளுங்களுக்குன்னே நடந்த ஒரு ட்ரையலைச் சொல்றேன், வியாலே-ஏன்னு பேரு, ரிசல்ட் 2020ல வந்துச்சு. 75 வயசு தாண்டினவங்க இல்ல வேற நோய்னால பெரிய கீமோ தாங்காதவங்க, புதுசா ஏஎம்எல் வந்தவங்க, மொத்தம் 431 பேர். எல்லாருக்குமே அப்ப நடைமுறையில இருந்த அசாசைட்டிடின் ஊசி மாசா மாசம் 7 நாள் உண்டு. அதுக்கு மேல மூணுல ரெண்டு பங்கு பேருக்கு வெனிடோக்ளாக்ஸ்ங்கற மாத்திரை, மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கற மருந்தில்லா மாத்திரை. அதாவது யாரையும் வைத்தியமே இல்லாம விடல. ஊசி மட்டும் போட்டுக்கிட்டவங்கள்ல நூத்துக்கு 28 பேருக்கு நோய் அடங்குச்சு, மாத்திரையும் சேந்தவங்களுக்கு 66 பேருக்கு. பாதிப்பேர் உயிரோட இருந்த காலம் 9.6 மாசத்துலருந்து 14.7 மாசம் ஆச்சு. அஞ்சு மாசம்தானான்னு சின்ன வயசுக்காரங்களுக்குத் தோணும், 76 வயசுல பேத்தி கல்யாணத்தைப் பாக்கணும்னு இருக்கறவங்களுக்கு அது ரொம்பப் பெருசு. ஆனா சும்மா கிடைக்கல, வெள்ளணு இறங்கி காய்ச்சல் வந்தவங்க ஊசி பக்கம் 19 சதவீதம்னா மாத்திரை பக்கம் 42 சதவீதம். அந்த நேரத்துல ராத்திரி ரெண்டு மணிக்கும் போன் எடுக்கற ஆஸ்பத்திரியா இருக்கணும்.

இன்னிக்கு இந்த ஜோடி மருந்துதான் அப்பா மாதிரி வயசுக்காரங்களுக்கு வழக்கமான வைத்தியம். அதனால முதல் கேள்வியா இதைக் கேளுங்க: "ட்ரையல்ல சேரலன்னா இன்னிக்கே எங்கப்பாவுக்கு என்ன மருந்து குடுப்பீங்க?" அந்த மருந்தைவிட மட்டமான ஒண்ணு ட்ரையலோட எந்தப் பக்கத்துல இருந்தாலும் ஏன்னு விளக்கம் கேக்காம கையெழுத்துப் போடாதீங்க. அப்புறம் இது எந்தக் கட்ட ட்ரையல், எக்ஸ்ட்ராவா எத்தனை தடவை போன் மேரோ எடுப்பாங்க, தென்காசிலருந்து எத்தனை தடவை வரணும், அவசரம்னா யாருக்கு போன் பண்றது, சிடிஆர்ஐங்கற அரசு ரெஜிஸ்ட்ரில அந்த ட்ரையலோட நம்பர் என்னன்னு எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டுப் போங்க. நம்ம நாட்டுல நடக்கற மருந்து ட்ரையல் எல்லாம் 2009லருந்து அந்த அரசு ரெஜிஸ்ட்ரில பதிவாகியிருக்கணும், யார் வேணா நெட்டுல தேடிப் பாக்கலாம். நோயாளிங்களோட பாதுகாப்பைப் பாத்துக்க எதிக்ஸ் கமிட்டி ஒண்ணு இருக்கும், அதுல டாக்டருங்க மட்டுமில்லாம சட்டம் தெரிஞ்சவங்க, வெளியாள் ஒருத்தர், பெண் உறுப்பினர்னு குறைஞ்சது 7 பேர் இருக்கணும், அந்தக் கமிட்டியோட போன் நம்பரும் ஃபாரத்துலயே இருக்கும். கையெழுத்தான ஃபாரத்தோட ஒரு காப்பி உங்க கைக்கு வரணும், அது உங்க உரிமை.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமாப் படற விஷயம். அப்பாகிட்ட சொல்லலன்னு எழுதியிருக்கீங்க. அவருக்குத் தெரியாம அவரை ட்ரையல்ல சேக்க முடியாதும்மா, சேக்கவும் கூடாது. கையெழுத்து அவரோடது, சித்தப்பாவோடதும் இல்ல, உங்களோடதும் இல்ல. நம்ம வீடுகள்ல பெரியவங்க மனசு உடைஞ்சிரும்னு நோய் பேரை மறைச்சு, ஃபைலை கட்டிலுக்கு அடியில வெச்சு, ரூமுக்கு வெளிய நின்னு குசுகுசுன்னு பேசறோம், அவருக்கு அது தெரியாதுன்னு வேற நினைக்கிறோம். முப்பது நாப்பது வருஷம் பிள்ளைங்க பேப்பரைத் திருத்தினவரு, அந்தத் தமிழ் ஃபாரத்தை அவர் கையில குடுங்க, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அவரே படிக்கட்டும், பென்சில்ல கேள்வி குறிச்சு வைக்கட்டும். அவர் வேண்டாம்னு சொன்னா வேண்டாம், அதனால அவரோட வழக்கமான வைத்தியம் ஒரு இம்மி குறையக் கூடாது. யோசிக்க எத்தனை நாள் இருக்குன்னு டாக்டர்கிட்டயே நேரா கேளுங்க, ஏஎம்எல்ல நாலு ஊர் ஆஸ்பத்திரி சுத்தி ரெண்டு மூணு வாரத்தை ஓட்டிட்டு வர்றவங்களைப் பாக்கறப்பதான் எனக்கு மனசு கெட்டுப்போகும்.

கேள்வி: டாக்டருங்க, என் தம்பிக்கு 24 வயசுங்க. திடீர்னு உடம்பெல்லாம் கருநீலமா திட்டுத்திட்டா வந்துச்சு, மூக்குல ரத்தம் நிக்கல. ஏபிஎல்னு ஒரு வகை ப்ளட் கேன்சருன்னு சொல்லி அன்னிக்கு ராத்திரியே மாத்திரை ஆரம்பிச்சாங்க, இப்ப ஆர்சனிக் ட்ரிப்ஸ் ஏறுதுங்க. ஆர்சனிக்னா பாஷாணம்தானுங்களே? இதை எங்க ஆளுங்க மேல போட்டு டெஸ்ட் பண்றாங்களோன்னு பயமா இருக்குதுங்க.
- அண்ணன், ஈரோடு

பதில்: தம்பிக்கு நடக்கறது ட்ரையல் இல்லைங்க, இன்னிக்கு உலகம் பூரா ஏபிஎல்லுக்கு முதல் வைத்தியமே அதுதான். அன்னிக்கு ராத்திரியே மாத்திரை ஆரம்பிச்சாங்க பாருங்க, அந்த டாக்டருக்கு நீங்க நன்றி சொல்லணும். ஏபிஎல்ல ஆளைக் கொல்றது முதல் சில நாள்ல மூளையிலயோ நுரையீரல்லயோ ஆகற ரத்தக்கசிவு, அதனால ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட் வர்ற வரைக்கும்கூட காத்திருக்காம சந்தேகம் வந்த உடனே ஏடிஆர்ஏங்கற அந்த மாத்திரையைக் குடுத்துருவாங்க.

ஆமா, ஆர்சனிக் ட்ரையாக்ஸைடுன்னா நம்ம ஊர் வெள்ளைப் பாஷாணம்தான். இது வைத்தியத்துக்குள்ள வந்த கதை பெருசு. 1970கள்ல சீனாவுல ஹார்பின்ங்கற ஊர்ல ஜாங் டிங்டாங்னு ஒரு டாக்டர், நாட்டு மருந்து ஒண்ணுல ஆர்சனிக், பாதரசம், தேரை விஷம் மூணும் கலந்திருந்ததை ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்து, வேலை செய்யறது ஆர்சனிக்தான்னு கண்டுபிடிச்சாரு. ஏடிஆர்ஏ மாத்திரையும் 80கள்ல ஷாங்காய்ல வாங் ஜென்யிங்கற டாக்டர் ஏபிஎல்லுக்குக் குடுத்து நிரூபிச்சதுதான்.

நம்ம வேலூருக்கு இதுல பெரிய பங்கு இருக்கு, தமிழ்நாட்டுல நிறைய பேருக்கு இது தெரியலைங்கறது எனக்கு வருத்தம். அப்பல்லாம் ஏபிஎல்லுக்கு வழக்கமான வைத்தியம்னா ஏடிஆர்ஏவோட கீமோ, அந்தச் செலவையும் அதனால வர்ற இன்ஃபெக்ஷனையும் தாங்க முடியாத குடும்பங்கள் நிறைய. வேலூர் சிஎம்சியில விக்ரம் மேத்யூஸ், மாமன் சாண்டி, அலோக் ஸ்ரீவாஸ்தவா இவங்கல்லாம் இருந்த டீம், மருந்தை ஆஸ்பத்திரி ஃபார்மசியிலயே தயாரிச்சு, 1998லருந்து 2004 வரைக்கும் புதுசா ஏபிஎல் வந்த 72 பேருக்கு ஆர்சனிக்கை மட்டுமே முதல் மருந்தா குடுத்துப் பாத்தாங்க. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம், நோய் அடங்கற வரைக்கும், அதிகபட்சம் 60 நாள். 86 சதவீதம் பேருக்கு நோய் முழுசா அடங்குச்சு. பெரும்பாலானவங்களுக்கு கீமோவால வர்ற முடி கொட்டறது, வாய்ப்புண்ணு எல்லாம் இல்லாமயே. அமெரிக்காவுல புதுசா நோய் வந்தவங்களுக்கு இந்த மருந்துக்கு அனுமதி கிடைச்சதே 2018லதான்.

அப்புறம் 2013ல இத்தாலி, ஜெர்மனி டாக்டருங்க சேந்து 162 பேர் வெச்சு ட்ரையல் பண்ணாங்க. ஒரு பக்கம் ஏடிஆர்ஏவோட ஆர்சனிக், இன்னொரு பக்கம் ஏடிஆர்ஏவோட கீமோ. ரெண்டு வருஷம் கழிச்சு நோய் திரும்பாம பிரச்சினை இல்லாம இருந்தவங்க கீமோ பக்கம் 86 சதவீதம், ஆர்சனிக் பக்கம் 97 சதவீதம். ரொம்பத் தீவிரம் இல்லாத ஏபிஎல்லுல கீமோவே வேண்டாம்னு ஆனது அதுக்கப்புறம்தான்.

வார்டுல நீங்க கவனிக்க வேண்டியது இதுதாங்க. மூச்சு வாங்குது, திடீர்னு எடை ஏறுது, காய்ச்சல், கால் வீங்குது, இதுல எது இருந்தாலும் அடுத்த ரவுண்ட்ஸ் வரட்டும்னு இருக்காம சிஸ்டரைக் கூப்பிடுங்க, அது இந்த மருந்துங்களால வர்ற ஆபத்தா இருக்கலாம், உடனே ஸ்டீராய்டு போட வேண்டியிருக்கும். அடிக்கடி ஈசிஜி எடுக்கறதும் ரத்தத்துல பொட்டாசியம், மெக்னீசியம் பாக்கறதும் ஆர்சனிக் இதயத் துடிப்பைத் தொந்தரவு பண்ணும்ங்கறதுக்காக. கடைசியா ஒண்ணு, இதைப் படிச்சுட்டு யாரும் பாஷாணம் கலந்த சூரணம், செந்தூரம்னு ப்ளட் கேன்சருக்கு வாங்கிச் சாப்பிட்டுராதீங்க. இது அளந்து ரத்தத்துல ஏத்தற மருந்து, அதுவும் இந்த ஒரு வகைக்குத்தான் இப்படி வேலை செய்யுது.

கேள்வி: என் மச்சானுக்கு சிஎம்எல்னு மெதுவா வளர்ற ஒரு வகை ப்ளட் கேன்சர். ட்ரையல்ல யாருக்கு எந்த மருந்துன்னு கம்ப்யூட்டர் குலுக்கல் போட்டு முடிவு பண்ணுமாம். உயிர் விஷயத்துல குலுக்கலா? புது மருந்து நல்லதுன்னா எல்லாருக்கும் குடுக்க வேண்டியதுதானே?
- வாசகர், கோவை

பதில்: நல்லதுன்னு உறுதியாத் தெரிஞ்சா குலுக்கல் போட எந்த எதிக்ஸ் கமிட்டியும் விடாது. தெரியாததாலதான் குலுக்கல். டாக்டரே ஆளைப் பாத்து பிரிச்சா தெம்பா இருக்கறவங்க எல்லாம் புது மருந்து பக்கம் போயிருவாங்க, அப்புறம் நல்லா இருந்தது மருந்தாலயா உடம்பாலயான்னு யாராலயும் சொல்ல முடியாது.

சிஎம்எல்லயே ரெண்டு விதமாவும் நடந்திருக்கு. இமாடினிப் மாத்திரையை 1998ல அமெரிக்காவுல பிரையன் ட்ரூக்கர் முதல்ல குடுத்தது, அப்ப வழக்கமா போட்ட இன்டர்ஃபெரான் ஊசி கேக்காதவங்களுக்கு. சரியான டோஸ் வாங்கின 54 பேர்ல 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை சரியாச்சு. அதுக்கப்புறம்தான் ஐரிஸ்னு பெரிய ட்ரையல், புதுசா நோய் வந்த 1106 பேர், பாதிக்குப் பாதி குலுக்கல், ஒரு பக்கம் தினம் ஒரு வேளை 400 மில்லிகிராம் மாத்திரை, இன்னொரு பக்கம் காய்ச்சலும் உடம்புவலியும் மனச்சோர்வும் குடுக்கற இன்டர்ஃபெரான் ஊசியோட சைட்டராபின்ங்கற கீமோ மருந்து. 18 மாசத்துல, இந்த நோய்க்குக் காரணமான கெட்டுப்போன குரோமோசோம், டெஸ்ட்ல சுத்தமா மறைஞ்சவங்க மாத்திரை பக்கம் 76 சதவீதம், ஊசி பக்கம் 14.5. ஊசி பக்கம் இருந்தவங்க மாத்திரைக்கு மாறவும் ஆரம்பத்துலருந்தே வழி வெச்சிருந்தாங்க, பெரும்பாலானவங்க மாறினாங்க. உங்க ட்ரையல்லயும் இப்படி மாற வழி இருக்கான்னு கேளுங்க, ரொம்ப நல்ல கேள்வி அது.

அப்ப 400 இவ்வளவு நல்லதுன்னா 800 இன்னும் நல்லதா இருக்கும்னுதானே தோணும்? டாக்டருங்களுக்கும் தோணுச்சு. புதுசா நோய் வந்த 476 பேர் வெச்சுப் பாத்தாங்க, ஒரு வருஷத்துல ரெண்டு பக்கமும் பெருசா வித்தியாசம் இல்ல, 800 பக்கம் பக்கவிளைவுதான் கூட. குலுக்கல் போடாம எல்லாருக்கும் 800 குடுத்திருந்தா இன்னிக்கும் லட்சக்கணக்கானவங்க வீணா கஷ்டப்பட்டுக்கிட்டு இருப்பாங்க. மச்சான்கிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க, இமாடினிப் இன்னிக்கு நம்ம ஊர்ல கம்மி விலைக்குக் கிடைக்கறதுக்கு, 2006ல சென்னை பேட்டன்ட் ஆபீஸ் நோவார்ட்டிஸ் கம்பெனியோட பேட்டன்ட் மனுவைத் தள்ளினதும் 2013 ஏப்ரல் 1 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட் அதையே உறுதி பண்ணினதும் பெரிய காரணம். ட்ரையல்ல சேரலன்னாலும் அவருக்கு நல்ல மருந்து கையெட்டற தூரத்துல இருக்கு.

கேள்வி: ட்ரையல்ல சேந்தா எல்லாமே ஃப்ரீயா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: கம்பெனி நடத்தற ட்ரையல்னா அவங்க புது மருந்தும் அதுக்காக எடுக்கற எக்ஸ்ட்ரா டெஸ்டும் பொதுவா ஃப்ரீ. ஆனா பெட் சார்ஜ், ரத்தம், பிளேட்லெட், ஆன்டிபயாட்டிக் இதெல்லாம் யார் தலையில விழும்னு ஃபாரத்துல தேடிப் பாருங்க, இல்லன்னா எழுதிக் கேளுங்க. டாக்டருங்க தாங்களாவே நடத்தற ட்ரையல்ல கம்பெனிப் பணம் இல்லாம இருக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா வழக்கமான வைத்தியப் பகுதிக்கு அதைப் பயன்படுத்த முடியுமான்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்லயே கேட்டுருங்க. போக்குவரத்துக்கு, கேன்சர் நோயாளிக்கு ரயில்ல ஸ்லீப்பர்லயும் மூணாம் ஏசியிலயும் டிக்கெட் முழுச் சலுகை, கூடப் போறவங்களுக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில அதுக்கான ஃபாரத்துல சீல் வாங்கணும். நிறைய பேர் இதைக் கேக்காமயே விட்டுடறாங்க.

கேள்வி: என் மகனுக்கு 8 வயசு, ஏஎல்எல்னு குழந்தைங்களுக்கு அதிகமா வர்ற ப்ளட் கேன்சர். ட்ரையல்ல சேக்கலாமான்னு கேக்கறாங்க. குழந்தை மேலயுமா டெஸ்ட் பண்ணுவாங்க? நெஞ்சு பதறுது.
- ஒரு அம்மா, தஞ்சாவூர்

பதில்: பதறத்தான் செய்யும்மா. ஆனா இன்னிக்கு உங்க பையனோட டாக்டர் தைரியமா "குணமாக்கிரலாம்"னு சொல்ல முடியுதுன்னா அது குழந்தைங்க ட்ரையல்களாலதான். 1948ல பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு ஒரு மருந்து குடுத்தாரு, 10 பேருக்கு நோய் கொஞ்ச நாளைக்கு அடங்குச்சு, அதுக்கு முன்னாடி அப்படி ஒண்ணு நடந்ததே இல்ல. அந்த மருந்தைத் தயாரிச்ச லெடர்லே கம்பெனி ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைவரா இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், பீமவரத்துல பொறந்து நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர். 80கள்ல அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், மும்பை டாட்டா, டெல்லி எய்ம்ஸ் மூணும் எம்சிபி-841ன்னு ஒரே வைத்திய முறையை எடுத்துக்கிட்டாங்க, அதுவரைக்கும் அஞ்சுல ஒரு குழந்தை தப்பறதே பெருசுன்னு இருந்த நிலைமை பாதிக்குப் பக்கமா ஏறுச்சு. இன்னிக்கு வெளிநாட்டு நல்ல சென்டர்கள்ல பத்துல ஒன்பது குழந்தைங்க பொழைக்குது.

ட்ரையல்னா மருந்தைக் கூட்டறதுன்னு மட்டும் நினைக்காதீங்க. தலைக்குக் குடுக்கற ரேடியேஷனை நிறுத்திப் பாக்கலாமான்னு அமெரிக்காவுல செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரியில 498 குழந்தைங்க வெச்சு ஒரு ட்ரையல் நடந்துச்சு, ரேடியேஷன் இல்லாமயே 5 வருஷத்துல 93.5 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க. படிப்பு, வளர்த்தி பாதிக்காம எத்தனை குழந்தைங்க அதனால தப்பிச்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. உங்க பையன் சேரப்போற ட்ரையல்ல எதைக் கூட்டறாங்க, எதைக் குறைக்கறாங்கன்னு கேளுங்க. சம்மதம் உங்களோடதுதான், ஆனா 7 வயசு தாண்டின குழந்தைகிட்டயும் அதுக்குப் புரியற மாதிரி சொல்லி வாய்மொழியா சரின்னு வாங்கணும்னு நம்ம நாட்டு வழிகாட்டுதல் இருக்கு. ஊசி எத்தனை, எங்க குத்துவாங்க, ஸ்கூலுக்கு எப்பப் போகலாம்னு அவன் கேப்பான், உண்மையைச் சொல்லுங்க.

கேள்வி: ட்ரையல்ல இருக்கும்போது நிலவேம்பு, பப்பாளி இலைச் சாறு இதெல்லாம் குடிக்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: கேக்காம எதுவும் வேண்டாம். பிளேட்லெட் ஏறினா மருந்தாலயா சாறாலயான்னு குழப்பம் ஒரு பக்கம், மருந்தோட அளவே ரத்தத்துல மாறிரும்ங்கறது இன்னொரு பக்கம். வெனிடோக்ளாக்ஸ் சாப்பிடறவங்க கிரேப்ஃப்ரூட்டைத் தொடவே கூடாது, அதோட சொந்தமான பம்பளிமாஸும் வேண்டாம், நட்சத்திரப்பழமும் வேண்டாம். பூஞ்சைத் தொற்றுக்குக் குடுக்கற சில மாத்திரைகளும் அதே வேலையைப் பண்ணும், அதனால பக்கத்துத் தெரு க்ளினிக் போனாலும் ட்ரையல் கார்டைக் காட்டுங்க.

கேள்வி: சேந்து மூணு மாசம் ஆச்சு, அம்மாவால முடியல, வெளிய வந்துரலாம்னு இருக்கோம். விடுவாங்களா?
- மகன், விழுப்புரம்

பதில்: விட்டுத்தான் ஆகணும், காரணம்கூட சொல்ல வேண்டியதில்ல. ஆனா வீட்டுலயே மாத்திரையை நிறுத்திட்டு போனை எடுக்காம இருந்துராதீங்க. சில மருந்தை சட்டுனு நிறுத்தினா நோய் வேகமாத் திரும்பலாம், வேற வைத்தியத்தை அன்னிக்கே ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அம்மாவைக் கூட்டிட்டு நேர்ல போங்க, முதல்ல டோஸைக் குறைச்சுப் பாக்க முடியுமான்னு கேளுங்க, பல ட்ரையல்ல அதுக்கு இடம் உண்டு. அப்பவும் வேண்டாம்னா எழுதிக் குடுத்துட்டு, மிச்ச மாத்திரையை டப்பாவோட திருப்பிக் குடுத்து, கடைசி ரத்த டெஸ்டையும் எடுத்துக்கிட்டு, எந்தத் தேதியிலருந்து எந்தத் தேதி வரைக்கும் என்ன மருந்து என்ன டோஸ்னு ஒரு சம்மரி கேட்டு வாங்குங்க. எந்தப் பக்கம் இருந்தாங்கன்னு மறைச்சு வெச்ச ட்ரையலா இருந்தா, அடுத்த வைத்தியத்துக்குத் தேவைன்னு டாக்டர் கேட்டா அதைத் திறந்து சொல்ல வழி இருக்கு, அதையும் கேளுங்க.